மாஸ் ஸ்பெக் வேலையை விட்டுவிட்டு பிஎச்டிக்குப் போகலாமா?

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): ஏற்காடு பக்கம் ஓர் எஸ்டேட் கிராமம் எங்களுடையது. அப்பா எஸ்டேட் மேஸ்திரி. சேலத்தில் எம்எஸ்சி பயோகெமிஸ்ட்ரி முடித்துவிட்டு, இரண்டு வருடமாக இங்கேயே ஓர் உணவுப் பரிசோதனை லேபில் எல்சி-எம்எஸ் கருவியில் (கலவையைப் பிரித்து, மூலக்கூறுகளை எடை பார்த்து அடையாளம் காட்டும் மாஸ் ஸ்பெக் கருவி) காபிக்கொட்டையில் பூச்சிமருந்து எச்சம் பார்க்கிறேன். சம்பளம் 21,000. ஃபேர்லேண்ட்ஸில் ஹாஸ்டல், சனிக்கிழமை பஸ் ஏறி வீட்டுக்குப் போவேன். இப்போது நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கியிருக்கிறேன், பெங்களூரில் ஒரு புரோட்டியோமிக்ஸ் (புரதங்களை மொத்தமாக ஆராயும் துறை) குழுவில் பிஎச்டி இடமும் கிடைத்திருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்குச் சிறுநீரகம் கெடப்போவதை, சிறுநீரில் இருக்கும் புரதங்களை வைத்து முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பது தலைப்பு. இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். "மாஸ் ஸ்பெக்ல பிஎச்டி பண்ணினாலும் கடைசியில மெஷின் ஆபரேட்டர்தான்" என்கிறார் லேப் சீனியர். ப்ளஸ் டூவில் நான் பியூர் சயின்ஸ் குரூப், கணக்கு படிக்கவில்லை. "ஏசி ரூம்ல வேலை, மாசமானா சம்பளம், இதை விட்டுட்டு அஞ்சு வருஷம் மறுபடி படிக்கணுமா?" என்று அப்பா கேட்கிறார். போகலாமா? போனால் சேலத்துக்குத் திரும்பிவர வழி உண்டா?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

போங்கள். நாள் குறைவாக இருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் சீனியர் மேல் கோபம் வேண்டாம், அவர் பார்த்ததைத்தான் சொல்லியிருப்பார். நம் நாட்டில் பல இடங்களில் மாஸ் ஸ்பெக் பொதுக் கருவிக்கூடத்தில் இருக்கும். பிஎச்டி மாணவர் ஒரு சின்னக் குப்பியில் சாம்பிளைக் கொண்டுபோய்க் கொடுப்பார், சில வாரம் கழித்து ஆயிரக்கணக்கான புரதங்களின் பெயரோடு எக்செல் ஷீட் வரும், அது அப்படியே தீசிஸில் ஏறிவிடும். உள்ளே கருவியை ஓட்டுகிறவருக்கோ, அந்தக் குப்பியில் இருப்பது யாருடைய ரத்தம், எதற்காக எடுத்தது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டு பேருக்குமே பாதி வேலைதான் கையில் இருக்கிறது. உள்ளே எது போக வேண்டும் என்று முடிவு செய்வதும், வெளியே வருவதை நம்பலாமா என்று சொல்வதும் ஒரே ஆளிடம் இருந்தால் அவரை நான் விஞ்ஞானி என்பேன், பட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். புரதம் மாதிரிப் பெரிய மூலக்கூறுகளை உடைக்காமல் லேசர் கொண்டு அயனியாக்கிக் காட்டியதற்காக 2002-ல் வேதியியல் நோபல் வாங்கிய கோய்ச்சி தனகா ஷிமாட்ஸு கம்பெனியில் பொறியாளர். படித்தது மின் பொறியியலில் இளநிலைப் பட்டம், பிஎச்டி கிடையாது.

நீங்கள் தினமும் பார்க்கும் காபியையே எடுத்துக்கொள்வோம். காஃபீன் கருவிக்குள் 195 என்ற எடையில் வரும், உடைத்தால் 138-ல் ஒரு துண்டு விழும். காபிக்கொட்டையில் டிரைகோனெலின் என்று இன்னொன்று இருக்கிறது, அது உடையாமலேயே 138. உங்கள் லேபில் இருப்பது டிரிப்பிள் குவாட்ரபோல் கருவியாகத்தான் இருக்கும், முழு எண் அளவில் பார்க்கும்போது அதற்கு இரண்டுமே ஒன்றுதான். தசமத்துக்குப் போனால் ஒன்று 138.066, மற்றது 138.055. இந்த 0.011 இடைவெளியைப் பிரித்துக்காட்ட ஆர்பிட்ராப் போன்ற உயர் பிரிதிறன் கருவி வேண்டும். ஆனால் அது இல்லாமலும் பிரிக்கலாம்: டிரைகோனெலின் தண்ணீரோடு ஒட்டும் பொருள், பொருள்களைப் பிரிக்கும் சி18 குழாயில் நிற்காமல் ஆரம்பத்திலேயே வெளியே வந்துவிடும், காஃபீன் கொஞ்சம் தாமதித்து வரும். ஆக 138-ல் ஒரு பீக் (கருவி வரையும் கோட்டில் எழும் மேடு) தெரிந்தால் அது எந்த நிமிடத்தில் வந்தது, அதோடு 195-ம் வந்ததா, அதே நேரத்தில் பிளாங்கில் (தேடும் பொருள் இல்லாத வெற்றுச் சாம்பிளில்) என்ன இருந்தது என்று நீங்கள் யோசிக்காமலே பார்ப்பீர்கள். இரண்டு வருடத்தில் உங்களுக்குக் கிடைத்தது இந்தப் பழக்கம்தான். எம்எஸ்சி முடித்து நேராக பிஎச்டிக்கு வருகிற பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுக்கவே ஒரு வருடம் ஆகிறது.

அப்புறம் எச்சப் பரிசோதனையை 'வெறும் ரொட்டீன்' என்று கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காபிச் செடியின் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் பூச்சிக்கு அடிக்கும் குளோர்பைரிஃபாஸ் மருந்தை, 350 எடையிலிருந்து 198 எடைத் துண்டு என்ற வழியில் தேடுகிறீர்கள். ஐரோப்பாவுக்குப் போகும் கொட்டையில் அதற்கு 2020-லிருந்து வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அதாவது 100 டன் கொட்டையில் 1 கிராம். அதே அராபிகா கொட்டையில் காஃபீன் மட்டும் கிலோவுக்கு 12 கிராம் அளவில் இருக்கிறது, அதாவது நீங்கள் தேடும் பொருளைப் போலப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல். இது போக அமிலங்கள், எண்ணெய், நிறம் எல்லாம் உண்டு. கருவிக்குள் சாம்பிளைத் தெளிக்கும் ஸ்பிரே முனையில் ஒரே நேரத்தில் வந்து சேருகிற பொருள்களுக்குள் மின்னேற்றம் பிடிக்கப் போட்டி, சேர்வராயன் கோயில் திருவிழா அன்றைக்கு மலை பஸ்ஸில் ஏறுகிற மாதிரி, கூட்டமாக வந்தவர்கள் ஏறிவிடுவார்கள், தனியாக வந்தவர் கீழேயே நின்றுவிடுவார். பொருள் உள்ளே இருந்தும் பீக் சின்னதாகத் தெரியும். அதனால்தான் சுத்தமான கரைப்பானில் ஸ்டாண்டர்டு (தெரிந்த அளவு மருந்து) போடாமல், மருந்து படாத காபியின் சாற்றிலேயே ஸ்டாண்டர்டு கலந்து அளவுக்கோடு போடுகிறீர்கள்.

சிறுநீரிலும் இதே கதைதான். ஆரோக்கியமானவரின் சிறுநீரில் யூரோமோடுலின் என்ற ஒரு புரதம் மற்றதையெல்லாம் விட அதிகம் இருக்கும். சிறுநீரகம் கெட ஆரம்பித்தால் ஆல்புமின் கசிந்து வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். நீங்கள் தேடப்போகிற முன்னறிவிப்புப் புரதங்கள் இந்த இரண்டுக்கும் அடியில் துளித்துளியாகத்தான் இருக்கும். அளக்கும்போது லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்களில் கனமான கார்பன், நைட்ரஜன் வைத்துச் செய்த பெப்டைடை (புரதத் துண்டை)த் தெரிந்த அளவில் கலப்பீர்கள். லைசினில் முடிந்தால் 8 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு), ஆர்ஜினினில் முடிந்தால் 10 டால்டன் தள்ளி அது தெரியும், மற்றபடி நடத்தை ஒன்றே. காபியில் ஐசோடோப் ஸ்டாண்டர்டு சேர்க்கும் அதே யோசனை.

புதிதாக இருக்கப்போவது பயாலஜி லேபின் கைவேலை. நோயாளியிடம் எப்போது சிறுநீர் எடுத்தார்கள், காலை முதல் சிறுநீரா, எவ்வளவு நேரம் வெளியே இருந்தது, உறைந்து உருகி மறுபடி உறைந்ததா, இதிலேயே பாதி ஆராய்ச்சி ஜெயிப்பதும் தோற்பதும் நடந்துவிடும். ஒருவர் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் எல்லாப் புரதமும் நீர்த்துத் தெரியும், அதனால் சிறுநீரில் வழக்கமாக வெளியேறும் கிரியாட்டினின் அளவோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். பிறகு புரதத்தை விரித்து, டிரிப்சின் என்ற நொதி போட்டு இரவு முழுக்க 37 டிகிரியில் வைத்து வெட்ட வேண்டும். உங்கள் கையிலிருந்தும் தலைமுடியிலிருந்தும் உதிரும் கெரட்டின் புரதம், கையுறை போடாவிட்டால் முதல் பத்துப் புரதங்களுக்குள் வந்து நிற்கும். ஏற்காட்டுக் குளிருக்குப் போடுகிற கம்பளி ஸ்வெட்டரைப் பெங்களூர் லேபுக்குள் கொண்டுபோகாதீர்கள், செம்மறி ஆட்டின் கெரட்டின் டேட்டாவில் பெயரோடு வரும். புரோட்டியோமிக்ஸ்காரர்கள் வைத்திருக்கும் பொதுவான அசுத்தப் பட்டியலில் அதற்கு நிரந்தர இடமே உண்டு. பிளாஸ்டிக்கிலிருந்து வந்து 391-ல் உட்காருகிற பீக்கும், 44, 44 ஆகத் தள்ளி வரிசைகட்டும் பாலிஎத்திலீன் கிளைக்கால் அசுத்தமும் உங்களுக்குப் பழக்கமானவைதான்.

தலைப்பு நல்ல தலைப்பு, வீட்டுக்கு வீடு சர்க்கரை இருக்கும் ஊரில் அதற்கு விளக்கமே வேண்டாம். சாரதா காலேஜ் ரோட்டில் எந்த லேபில் கேட்டாலும் எடுத்துத் தரும், சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை இருக்கிறதே, அந்த எண் உலகம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதற்கான மூல அளவீட்டு முறையில் மாஸ் ஸ்பெக் இருக்கிறது: ஹீமோகுளோபின் பீட்டா சங்கிலியின் நுனியில் ஆறு அமினோ அமிலத் துண்டை வெட்டி எடுத்து, சர்க்கரை ஒட்டியதையும் ஒட்டாததையும் தனித்தனியே அளப்பார்கள், ஒட்டியிருந்தால் 162 கூடும். உங்கள் அம்மாவோ பெரியப்பாவோ கையில் பிடித்திருக்கும் சீட்டின் பின்னால் நம் கருவி நிற்கிறது என்பது எனக்கு இன்னும் சந்தோஷமான விஷயம்.

ஆனால் இந்தத் துறையில் ஒரு பெரிய பள்ளமும் உண்டு, அதைத் தெரிந்துகொண்டு போங்கள். 2002-ல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது, ரத்தத் துளியில் மாஸ் ஸ்பெக் காட்டும் பீக்குகளின் அமைப்பை வைத்தே சினைப்பைப் புற்றுநோயைக் கிட்டத்தட்ட முழுதாகக் கண்டுபிடித்துவிடலாம் என்று. உலகமே பேசியது. பிறகு எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் புள்ளியியலாளர்கள் பேகர்லியும் கூம்ப்ஸும் அந்த டேட்டாவை எடுத்து மறுபடி பார்த்தார்கள். நோயாளிக்கும் நோயில்லாதவருக்கும் இடையில் தெரிந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி, சாம்பிளைக் கையாண்ட விதத்திலும் கருவி ஓடிய விதத்திலும் வந்திருக்கலாம் என்று காட்டினார்கள். நோயாளிகளின் சாம்பிளை எல்லாம் திங்கட்கிழமையும், மற்றவர்களுடையதை எல்லாம் வியாழக்கிழமையும் ஓட்டினால், நீங்கள் கண்டுபிடிப்பது திங்களுக்கும் வியாழனுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். வரிசையைக் கலைத்துப் போட்டு ஓட்டுங்கள், நடுநடுவே ஒரே கியூசி (தரம் சோதிக்கும்) சாம்பிளை வைத்து ஓட்டுங்கள். லேப்களுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல் ஆடிட்டுக்குப் பயந்து செய்து பழகினீர்களே, அதே ஒழுங்கை அங்கே யாரும் கேட்காவிட்டாலும் விடாமல் செய்யுங்கள். யாராவது "இது அகாடமிக் லேப்தானே" என்றால் காதில் வாங்காதீர்கள்.

சரி, கணக்கு. ப்ளஸ் டூ கால்குலஸ் இல்லாததால் இங்கே யாரும் மாட்டிக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. மாட்டுவது புள்ளியியலில். ஐயாயிரம் புரதங்களை இரண்டு கூட்டத்துக்கிடையே ஒப்பிட்டு, வழக்கமான 0.05 வரம்பை (தற்செயலாகத் தப்பு வர நூற்றுக்கு ஐந்து வாய்ப்பை) வைத்தால், உண்மையில் ஒரு வித்தியாசமும் இல்லாவிட்டாலும் சுமார் 250 புரதங்கள் மாறியதுபோலத் தெரியும். அந்த 250-ஐ வைத்துக் கதை எழுதிப் பேப்பர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், நீங்கள் அதில் ஒருவராக வேண்டாம். அதேபோல மென்பொருள் ஒரு பெப்டைடை 'கிடைத்தது' என்று சொல்வதை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று படியுங்கள். புரத வரிசைகளைத் தலைகீழாகத் திருப்பி எழுதிய ஒரு பொய்ப் பட்டியலையும் சேர்த்துக் கொடுத்துத் தேடச் சொல்வார்கள், அந்தப் பொய்யில் எத்தனை கிடைக்கிறதோ அதை வைத்து மெய்யில் எத்தனை தப்பு இருக்கும் என்று மதிப்பிடுவார்கள், பொதுவாக 1 சதவீதத்துக்கு மேல் விட மாட்டார்கள். இவ்வளவு புரிந்தால் போதும், மீதியைப் போகப்போக கற்றுக்கொள்வீர்கள். சேருவதற்கு முன்பே பிரைடு என்ற பொதுக் களஞ்சியத்திலிருந்து யாரோ வெளியிட்ட மூல டேட்டா ஒன்றை இறக்கி, மேக்ஸ்குவான்ட், ஸ்கைலைன் என்ற மென்பொருள்கள் இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள், இரண்டும் இலவசம். கூடவே ஆர் அல்லது பைதான், ஏதாவது ஒரு நிரல் மொழி, தினமும் அரை மணி நேரம். இந்தத் துறைக்கு ஆள்கள் எங்கெங்கிருந்தோ வந்திருக்கிறார்கள், வயதும் ஒரு தடையாக இருந்ததில்லை. திரவத்தைத் தெளித்து அயனியாக்கும் எலக்ட்ரோஸ்பிரேவைப் புரதத்துக்குக் கொண்டுவந்த ஜான் ஃபென் அறுபதைத் தாண்டித்தான் அந்த வேலையில் இறங்கினார், நோபல் வாங்கும்போது அவருக்கு 85.

இனி முக்கியமான விஷயம், உங்களுக்குக் கிடைத்திருக்கும் அந்தக் குறிப்பிட்ட லேப். ஒரு நாள் லீவு போட்டு நேரில் போய்விட்டு வாருங்கள், சேலத்திலிருந்து 200 கிலோமீட்டர்தானே, போனிலேயே பேசி முடிவெடுக்க வேண்டாம். வழிகாட்டியைப் பார்த்துவிட்டு, கேன்டீனில் அவருடைய மாணவர்களோடு தனியாக உட்காருங்கள். கருவியில் உங்கள் சாம்பிளை நீங்களே ஓட்டலாமா, இல்லை கவுன்ட்டரில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டுமா என்று கேளுங்கள், உங்கள் விஷயத்தில் எல்லாவற்றையும்விட இது பெரிது. கருவிக்கு ஏஎம்சி கட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள். பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பணமில்லாமல் கோடிக்கணக்கான ரூபாய்க் கருவி உறை போட்டுக் கிடப்பதை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன், அங்கே சிக்கிய மாணவர்களுக்கு வருடங்கள்தான் போயின. முன்னால் முடித்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், நோயாளிகளின் சாம்பிள் தர எந்த ஆஸ்பத்திரியோடு ஒப்பந்தம், எத்திக்ஸ் கமிட்டி அனுமதி கையில் இருக்கிறதா, இல்லை இனிமேல்தானா? கடைசிக் கேள்விக்கு "இனிமேல்தான்" என்று பதில் வந்தால் முதல் வருடம் அதிலேயே போகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கருவியைத் தொட விட மாட்டார்கள் என்று தெரிந்தால் அந்த இடத்தை நான் எடுக்க மாட்டேன். ஜேஆர்எஃப் கையில் இருக்கிறது, ஹைதராபாத்திலும் புனேயிலும் சென்னையிலும் கேட்டுப் பார்க்கலாம், ஓர் ஆறு மாதம் தள்ளிப்போனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

அப்பாவிடம் ஜேஆர்எஃப் என்றால் என்ன என்று சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. படிப்பு என்றால் ஃபீஸ் கட்ட வேண்டும், கடன் வாங்க வேண்டும் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருப்பார். 2023 ஜனவரியிலிருந்து ஜேஆர்எஃப் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து அடுத்த நிலையான எஸ்ஆர்எஃப் ஆனால் 42,000, ஹாஸ்டல் கிடைக்காவிட்டால் வீட்டு வாடகைப் படி தனி. உங்கள் இப்போதைய சம்பளத்தைவிட அது அதிகம். இதை நீங்கள் போனில் சொல்வதைவிட, அடுத்த சனிக்கிழமை வீட்டுக்குப் போகும்போது கடிதத்தைக் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்காட்டுங்கள். கூடவே உள்ளதையும் சொல்லுங்கள்: இந்தப் பணம் சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாக வரும், மொத்தமாக வந்து சேரும். அதனால் வேலையை விடுவதற்கு முன் மூன்று நான்கு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கிவைத்துவிட்டுக் கிளம்புங்கள். கல்யாணப் பேச்சைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி மட்டும் எழுதி அடித்திருந்தீர்கள். அதற்கு நான் சொல்ல ஒன்றுதான், ஐந்து வருடம் என்பதை இப்போதே வீட்டில் தெளிவாகப் பேசிவிடுங்கள், பாதியில் பேசினால் சங்கடம் உங்களுக்குத்தான்.

திரும்பி வருவதைப் பற்றி நானும் சேலத்துக்காரன் என்பதால் மழுப்பாமல் சொல்கிறேன். இன்றைக்கு இந்த வேலைகளில் பெரும்பாலானவை பெங்களூர், ஹைதராபாத், சென்னையில்தான் இருக்கின்றன: ரத்தம் போன்றவற்றில் மருந்தின் அளவைப் பார்க்கும், மருந்துக் கம்பெனிகளின் பயோஅனலிட்டிகல் பிரிவு, பிறந்த குழந்தைகளின் வளர்சிதைக் கோளாறு பார்க்கும் லேப்கள், நோய்க்கிருமியைச் சில நிமிடத்தில் அடையாளம் காட்டும் மால்டி கருவி வைத்த ஆஸ்பத்திரிகள், கருவிக் கம்பெனிகளில் வாடிக்கையாளருக்கு முறை அமைத்துக் கொடுக்கும் அப்ளிகேஷன் வேலை. பிஎச்டி முடித்ததும் நேராகச் சேலத்துக்கு வந்தால் கைக்கு ஏற்ற வேலை கிடைக்காமல் திண்டாடுவீர்கள், சில வருடம் வெளியே இருந்து உங்கள் பெயருக்கு ஓர் எடை சேர்ந்த பிறகு வாருங்கள். அப்போது இங்கே பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது, அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உணவுப் பரிசோதனை லேப் ஒன்றைத் தலைமை ஏற்று நடத்தவும் ஆள் வேண்டும். கேள்விகளுக்கும் இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லை. ஜவ்வரிசிக்குப் போகும் மரவள்ளியில் லினமாரின் என்று சயனைடு விடும் பொருள் இருக்கிறது, எந்த ரகத்தில் எவ்வளவு, பதப்படுத்தும் எந்தக் கட்டத்தில் எவ்வளவு குறைகிறது, கழிவுநீரில் எவ்வளவு போகிறது என்று ஒருவர் உட்கார்ந்து அளந்தாலே வருடக்கணக்கில் வேலை இருக்கிறது. சேர்வராயன் மலைக் காபியையும் மிளகையும் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். வேலையை விடும்போது இப்போதைய லேபிலிருந்து எந்த டேட்டாவையும், எஸ்ஓபி (செய்முறை ஆவணம்) நகலையும் எடுத்துக்கொண்டு வராதீர்கள், அது வாடிக்கையாளருடையதும் லேபுடையதும். ரிலீவிங் ஆர்டரோடு அனுபவச் சான்றிதழும் வாங்குங்கள். அதில் 'லேப் அனலிஸ்ட்' என்று மட்டும் போடாமல், எந்த வகைக் கருவி, என்னென்ன சாம்பிள், முறை சரிபார்ப்பு நீங்களே செய்தீர்களா என்பதையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பின்னால் வேலைக்குப் போகும்போது அந்த இரண்டு வரியைத்தான் முதலில் பார்ப்பார்கள்.